சட்டி ஒன்று, தட்டு நாலு

மாவுச்சத்து, புரதம், கொழுப்பு எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அந்தப் பாடத்தை மறுபடி எடுக்கப்போவதில்லை. எனக்கு இருப்பது வேறொரு எரிச்சல்.

ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தாலும் அறிவித்தது, உணவு ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்கள், "அரிசியை விட்டுட்டேன் மேடம், காலையில ராகிக் கஞ்சிதான். ஆனா சுகர் இறங்கவே மாட்டேங்குது" என்கிறார்கள். எப்படி இறங்கும்? நைசாக அரைத்த மாவைக் காய்ச்சிக் குடித்தால் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றிவிடும். கேழ்வரகு நல்ல தானியம்தான். சுண்ணாம்புச் சத்தில் அரிசி அதன் கிட்டேகூட வர முடியாது. ஆனால் யாருக்கு, எந்தப் பக்குவத்தில், எவ்வளவு என்று கேட்க வேண்டாமா?

என் கட்சி கூட்டுக் கட்சி. ஆமாம், புடலங்காய்க் கூட்டுதான், சிரிக்காதீர்கள். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, காயைச் சேர்த்து, தேங்காயும் சீரகமும் மிளகும் அரைத்து விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்குகிறோமே, அதேதான். அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். சோற்றில் கூட்டைப் பிசைந்த நம் பாட்டிமார் லைசினை எங்கே கண்டார்கள்?

அதைவிடப் பெரிய சௌகரியம் ஒன்று உண்டு: சட்டி ஒன்று, தட்டு நாலு. என் மாமனாருக்கு ரத்தக்கொதிப்பு. மாமியார் கூட்டில் கடைசியாகத்தான் உப்புப் போடுவார். போடுமுன் இரண்டு கரண்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் மூடி வைத்து, பரிமாறும்போது அதில் எலுமிச்சம்பழம் பிழிவார். புளிப்பு இருந்தால் நாக்கு உப்பைத் தேடாது. அதே கூட்டில் பேரனுக்கு நெய் ஒரு கரண்டி. சர்க்கரை உள்ளவருக்குக் கூட்டு இரண்டு பங்கு, சோறு ஒரு பங்கு. மறுபடி சொல்கிறேன்: சட்டி ஒன்று, தட்டு நாலு. ஆளுக்கொரு அடுப்பு வேண்டாம், ஆளுக்கொரு அளவு வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர் சங்கதி மட்டும் தனி. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அவர் பங்குக் காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். பருப்பின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கிறார்களே, அதில் சேர்ப்பதே பொட்டாசியம்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, தானியத்திலிருந்து வரும் சக்தி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. நம் வீட்டுத் தட்டில் சோறு மலையாகவும் கூட்டு ஊறுகாய் அளவிலும் கிடப்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் வந்த உணவுப் பட்டியலை நீட்டி, "இது சரியா மேடம்?" என்று கேட்காதீர்கள். வீட்டில் யார் யாருக்கு என்ன உபாதை, என்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.