கட்டாயம் யாருக்கு?

(தோட்டக் கமிட்டித் தலைவர்மார், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர்மாரே, மாதர் தலைவிகளே, தோழர்களே,

சம்பளம் பேசுகிற மேடையில் இன்றைக்குச் சட்டம் பேச வந்திருக்கிறோம். அலுப்பாக இருக்கும் என்று யாரும் எழும்பிப் போய்விட வேண்டாம். தேத்தண்ணி வருவதற்குள் முடித்துவிடுவோம்.

புதிய கல்விச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு நாட்டில் நெடுநாளாக இருக்கிறது. இன்றும் மூலச் சட்டம் 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம்தான். வெள்ளைக்காரன் காலத்தது. அது மாறும்போது நம் பிள்ளைகளுக்காக அதில் என்ன எழுத வேண்டும் என்று நாம் இப்போதே முடிவு செய்தாக வேண்டும். "இலவசக் கல்விதான் இருக்கிறதே, முதலில் காணியையும் சம்பளத்தையும் கேட்போம்" என்று நமக்குள்ளேயே சொல்பவர்கள் உண்டு.

அந்த இலவசக் கல்வி நமக்கு எப்படி வந்தது என்று பார்ப்போம். கன்னங்கராவின் திட்டம் 1945 ஒக்டோபரில் தொடங்கியது. அப்போது நம் பள்ளிக்கூடம் துரையின் கையில் இருந்தது. 6 முதல் 10 வயதுப் பிள்ளைக்குத் தோட்டத்தில் படிப்புக் கொடுப்பது துரையின் கடமை என்று 1920ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பத்து வயது தாண்டினால்? அதற்குத்தான் கொழுந்து மலை இருந்ததே. ஓர் அறை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. 1948இல் பிரஜாவுரிமையும் போனது. வாக்கில்லாதவன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை எந்த மந்திரி வந்து பார்ப்பார்? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பிறகுதான் அரசாங்கம் அந்தப் பாடசாலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பேற்றது. நாட்டுப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் இடையில் முப்பது வருடம் அங்கேயே விழுந்துவிட்டது.

இப்போது கட்டாயக் கல்விக்கு வருவோம். 1998இலிருந்து 5 முதல் 14 வயது வரை என்று இருந்ததை 2016இல் 16 ஆக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் கட்டாயம் யாருக்கு என்று பாருங்கள். பிள்ளையை அனுப்ப வேண்டியது தாய் தகப்பன். அனுப்பாவிட்டால் நடவடிக்கையும் அவர்கள் மேல்தான். வரவு குறைந்தால் அம்மா அன்றைய பேரை விட்டுவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டும். அதே பிள்ளைக்குக் கணிதம் படிப்பிக்க மூன்று தவணையாக ஆளில்லை என்றால் யார் வந்து யாருக்குப் பதில் சொல்வது?

அரசியலமைப்பைக் காட்டுவார்கள். 27ஆம் உறுப்புரையில் எல்லோருக்கும் கல்வியில் சம வாய்ப்பு என்று இருக்கிறது. இரண்டு உறுப்புரை தள்ளி 29ஐ வாசியுங்கள்: அதை வைத்து எந்த நீதிமன்றத்திலும் கேள்வி எழுப்ப முடியாது. இலை போட்டாயிற்று, சோறு கேட்கக் கூடாது. 12ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமையைப் பிடித்து உச்ச நீதிமன்றம் போகலாம்தான். கொழும்பு போய் வருகிற வழிச் செலவே நமக்குக் கட்டாது, பிறகு எங்கே சட்டத்தரணி?

கடலுக்கு அந்தப் பக்கம் 2009இல் ஒரு சட்டம் செய்தார்கள். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன நம் சொந்தக்காரரின் பேரப்பிள்ளைகள் நீலகிரித் தோட்டங்களில் அந்தச் சட்டத்தின் கீழ்தான் படிக்கிறார்கள். அதன் 8ஆம் பிரிவு, கட்டாயக் கல்வி என்றால் அரசாங்கத்தின் கடப்பாடு என்றே விளக்கம் சொல்கிறது. பெற்றோருக்கும் கடமை உண்டு, ஆனால் தண்டனை இல்லை. தொடக்க வகுப்பில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று கணக்கும் எழுதியிருக்கிறார்கள். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 14 வயதோடு அந்த உரிமை நின்றுவிடுவது பெரிய குறை. ஆனாலும் அந்த 8ஆம் பிரிவு நமக்கு வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். பெற்றோர் மேல் உள்ள கடமையை எடுத்துவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிய பிள்ளை பெட்டியில் திரும்பியதை இந்த மலைநாடு பார்த்திருக்கிறது. அந்தக் கடமை இருக்கட்டும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் அரசாங்கத்தின் கடமையும் அதே எழுத்தில் இருக்க வேண்டும், அதை வைத்து வழக்குப் போடவும் முடிய வேண்டும். ஆசிரியர் உதவியாளர் என்று பெயர் வைத்து, மாதம் 6000 ரூபா கொடுப்பனவில் இளம் பிள்ளைகளை மலையேற விட்டார்களே, அப்படி ஓட்டை அடைப்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கக் கூடாது. உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் தமிழில் படிக்க எத்தனை மைல் போகலாம் என்பதற்கும் எல்லை வேண்டும். பஸ் இல்லாத தோட்டத்துப் பிள்ளை கலைப் பிரிவை எடுப்பது ஆசைப்பட்டு அல்ல. பாடசாலைக் காணி கம்பனியின் குத்தகைக் காணிக்குள் கிடக்கிற வரை ஒரு கக்கூஸ் கட்டவும் தோட்டத்தில் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. காணியை முதலில் கேட்போம் என்ற தோழர்களே, இதுவும் காணிப் பிரச்சினைதான்.

வாசலில் ஒரு பக்கப் படிவம் வைத்திருக்கிறோம். உங்கள் டிவிசனில் 5 முதல் 16 வயது வரை எத்தனை பிள்ளைகள், இடையில் நின்றவர்கள் எத்தனை பேர், எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதமாக ஆசிரியர் இல்லை, உயர்தரத்துக்கு எத்தனை மைல். பிள்ளைகளின் பெயர் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும். மாதர் தலைவிகள் லயம் லயமாகப் போய் எடுங்கள். பிரட்டுக்களத்தில் கேட்டு எழுதினால் பாதிதான் வரும். அடுத்த சந்தா மாதத்துக்குள் அலுவலகத்துக்கு வந்துசேர வேண்டும். சட்ட வரைவு எப்போது மேசைக்கு வந்தாலும் நம் கணக்கு அதற்கு முன்பே அங்கே இருக்கட்டும்.