தோளுக்கும் விரலுக்கும் நடுவே

கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போது என்.சி.சி. முகாமில் என் கையில் கொடுத்த துப்பாக்கியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய த்ரீ நாட் த்ரீ. அதன் மரக்கட்டையில், தோளில் முட்டும் முனைக்குச் சற்று முன்னால், 'எல்' என்று ஓர் ஆங்கில எழுத்து குத்தியிருந்தது. 'எல்' என்றால் 'லெஃப்ட்', இது இடக்கைக்காரனுக்கான துப்பாக்கி என்று எங்கள் அணியில் ஒருவன் அடித்துச் சொன்னான். நாங்களும் நம்பினோம். நான் வலக்கைக்காரன், போதாக்குறைக்கு உயர வரிசையில் கடைசி ஆள். ஐந்து தோட்டா சுட்டுவிட்டு எழுந்தபோது தோள் வலிக்கவில்லை. தோளுக்குக் கீழே, புஜத்தில், நாவல்பழ நிறத்தில் ஒரு வீக்கம். இலக்கு அட்டையில் ஒரு துளைகூட இல்லை. "பயந்து கண்ணை மூடிட்டே தம்பி" என்றார் பயிற்சி கொடுத்த உஸ்தாத்.

அந்த 'எல்' எழுத்துக்கு 'லாங்', அதாவது நீளம் என்று பொருள் எனத் தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆயிற்று. உயரமான சிப்பாய்க்கு என்று செய்த கட்டையை என் தோளில் ஏற்றியிருக்கிறார்கள். பயம் இருந்தது உண்மைதான். ஆனால் தப்பு முழுவதும் பயத்தின் மேல் இல்லை.

துப்பாக்கி என்றால் எல்லோரும் இரும்பைத்தான் பேசுவார்கள். குழல் எவ்வளவு நீளம், தோட்டா என்ன அளவு, எந்தக் கம்பெனி. மரத்தைப் பேசுகிறவர் குறைவு. ஆனால் உடம்பு தொடுவது பெரும்பாலும் மரத்தைத்தான். கன்னம் படிவது அதில், கை பற்றுவது அதை, தோளில் இடிப்பதும் அதுவே. அந்தக் கட்டையின் அளவுகளில் முதலாவது நீளம். ட்ரிகரில் நாடாவின் ஒரு முனையை வைத்து, தோளில் படும் பட் பகுதியின் நடுப்புள்ளி வரை பிடித்தால் வருகிற எண். இரண்டு ட்ரிகர் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கியானால் முன் ட்ரிகரிலிருந்து அளக்க வேண்டும். கடையில் வரும் ரைபிள்களில் இது சுமாராக 13½ அங்குலம் இருக்கும். ரவை போட்டுச் சுடும் ஷாட்கன்களில் 14 முதல் 14½ வரை. ரெடிமேட் சட்டை மாதிரி, யாரோ ஒரு நடுத்தர ஆளை மனத்தில் வைத்து வெட்டியது.

வானொலியில் ஒரு வசதி உண்டு, கேட்டுக்கொண்டே கையை அசைக்கலாம். வலது முழங்கையைச் செங்கோணமாக மடக்குங்கள். பட் பகுதியை அந்த மடிப்பில் ஊன்றினால் ஆள்காட்டி விரல் ட்ரிகரைச் சரியாக எட்ட வேண்டும், எட்டினால் அதுதான் உங்கள் நீளம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பல நாடுகளில் துப்பாக்கிக் கடைகளில் இன்றும் இதுதான் வேதம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பேண்ட் வாங்கும்போது இடுப்பளவைக் கழுத்தில் சுற்றிப் பார்க்கிறோமே, அந்த ஜாதி. பல சமயம் பொருந்தும். பொருந்தாதபோது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். இந்தச் சோதனை முன்கையை மட்டும் அளக்கிறது. கழுத்து நீளமா குட்டையா, தோள் அகலமா, மார்பு பருத்ததா, நேராக நிற்பவரா முன்னால் சாய்பவரா என்று அதற்குத் தெரியாது. ஒரே அளவு கை உள்ள இரண்டு பேருக்கு முக்கால் அங்குல வித்தியாசம் தேவைப்படலாம்.

அப்படியானால் எதை வைத்துப் பார்ப்பது? துப்பாக்கி காலி என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பழகியபடி தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதியுங்கள். கழுத்தை நீட்டவும் வேண்டாம், குறுக்கவும் வேண்டாம். பிறகு கண்ணைத் திறங்கள். பிடித்திருக்கும் கையின் பெருவிரல் கணுவுக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவில் இரண்டு விரல் அகல இடம் இருந்தால் கிட்டத்தட்ட சரி. இடமே இல்லையென்றால் கட்டை குட்டை. சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது உங்கள் பெருவிரலே உங்கள் மூக்கில் குத்தும். தொலைநோக்கி பொருத்திய ரைபிளில் இது இன்னும் மோசம். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூன்று நான்கு அங்குலம் விட்டிருக்க வேண்டும். விடாதவர்களின் புருவத்தில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு இருக்கும். கட்டை நீளமாக இருந்தால் கதை வேறு. தூக்கும்போது பட் அக்குளுக்கடியில் சட்டையில் மாட்டும், மாட்டியது தோள்குழிக்குப் போகாமல் புஜத்தில் உட்காரும். என் நாவல்பழம் அப்படி வந்ததுதான்.

அந்த த்ரீ நாட் த்ரீ பற்றி இன்னும் கொஞ்சம். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு ரைபிள் அது. வங்காளத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் செய்தார்கள், நம் போலீஸ்காரர்களின் தோளில் நெடுங்காலம் தொங்கியது. அதே காலத்து ஜெர்மன் மவுசரில் முன்னும் பின்னும் ஒரே மரம். லீ-என்ஃபீல்டில் பின்கட்டை தனி. உள்ளே நீளமாக ஒரு போல்ட்டைச் செலுத்தி இரும்போடு முடுக்கியிருப்பார்கள். அதனால் பின்கட்டையை மட்டும் கழற்றி வேறு நீளத்தில் மாட்ட முடிந்தது. சாதாரண அளவு ஒன்று, அதைவிட அரை அங்குலம் நீண்டது ஒன்று, அரை அங்குலம் குறைந்தது ஒன்று. பிறகு முதல் உலகப் போர் வந்தது. 1914இல், உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களைச் சேர்த்து இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரில் தனிப் படைப்பிரிவு தொடங்கினார்கள். ஐந்தடிக்கும் ஐந்தடி மூன்று அங்குலத்துக்கும் இடைப்பட்டவர்கள். குட்டைச் சண்டைக்கோழியின் பெயரில் 'பாண்டம்' என்று அவர்களை அழைத்தார்கள். ஒரு அங்குலம் குறைந்த நான்காவது கட்டைக்கும் அதே பெயர், மரத்தில் 'பி' என்ற எழுத்து. ராணுவம் என்றாலே எல்லோருக்கும் ஒரே அளவு பூட்ஸ் என்று கிண்டல் செய்வோம். இந்த விஷயத்தில் அந்த ராணுவம் ஒரு தையல்காரனைப் போல யோசித்திருக்கிறது. அமெரிக்கர்களோ 1980களில் எம்-16 ரைபிளின் புதிய வடிவத்தில் கட்டையை எட்டில் ஐந்து, அதாவது 5/8 அங்குலம் நீட்டினார்கள். மார்புக் கவசம் போட்ட சிப்பாய்க்கு அது எட்டவில்லை. பிறகு உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் கட்டைதான் கைகொடுத்தது.

ரைபிளுக்கே இவ்வளவு என்றால் ஷாட்கன்னுக்கு எவ்வளவு என்று பாருங்கள். ரைபிளில் பின்குறி, முன்குறி இரண்டும் உண்டு. உடம்பு கோணலாக இருந்தாலும் கண் இரண்டையும் நேர்படுத்திச் சரிசெய்துகொள்ளும். ஷாட்கன்னில் குழலின் நுனியில் ஒரு சின்ன மணி மட்டும். பின்குறி எது? சுடுகிறவரின் கண்தான். கன்னம் கட்டையில் எங்கே படிகிறதோ அதைப் பொறுத்துப் பின்குறி ஏறும், இறங்கும். பழைய ஆங்கிலக் கட்டைகள் முன்னால் உயர்ந்து பின்னால் சரிந்திருக்கும். கட்டை நீளமானால் கன்னம் பின்னால் போகும், பின்னால் போனால் கண் தாழும், கண் தாழ்ந்தால் ரவை கீழே போகும். குட்டையானால் நேரெதிர். நீளத்தை மட்டும் மாற்றினேன், உயரம் ஏன் மாறியது என்று கேட்பவருக்கு இதுதான் பதில்.

இதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் லண்டன்காரர்கள். பர்டி 1814இல் தொடங்கிய கடை, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1835இல். நம் சமஸ்தான மன்னர்கள் இவர்களுக்கு நல்ல வாடிக்கைக்காரர்கள். அங்கே அளவெடுப்பதற்கென்று ஒரு விசித்திரமான துப்பாக்கி இருக்கும். கட்டை முழுவதும் மூட்டும் திருகுமாக, நீளம், சரிவு, பக்கவாட்டு வளைவு எல்லாவற்றையும் மாற்றலாம். கட்டையை வலப்பக்கம் சற்று ஒதுக்கி வளைப்பதும் உண்டு. வலக்கண்ணுக்கு நேரே குழல் வர வேண்டுமே. அளவெடுப்பவர் முதலில் காலித் துப்பாக்கியைத் தன் கண்ணை நோக்கி நீட்டச் சொல்வார். குழலின் மறுமுனையில் வாடிக்கையாளரின் கண் எங்கே தெரிகிறது என்று பார்ப்பார். பிறகு திடலுக்குப் போய், வெள்ளையடித்த இரும்புத் தகட்டில் 16 கெஜ தூரத்திலிருந்து, குறி பார்க்காமல் சட்டென்று தூக்கிச் சுடச் சொல்வார்.

ஏன் 16 கெஜம்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கண்ணிலிருந்து குழல் நுனி வரை ஏறக்குறைய ஒரு கெஜம். தகடு 16 கெஜம். ஆக, கட்டையில் பதினாறில் ஒரு அங்குலம் பிசகினால் தகட்டில் ஒரு அங்குலம் பிசகும். ரவைக் கூட்டம் இரண்டு அங்குலம் இடப்பக்கம் விழுந்தால், எட்டில் ஒரு அங்குலம் வலப்பக்கம் வளைக்க வேண்டும் என்று அவர் அங்கேயே சொல்லிவிடுவார். காகிதம் பேனா வேண்டாம்.

நீளத்துக்கு மட்டும் இப்படிச் சூத்திரம் கிடையாது. அங்கே அவர் தகட்டைப் பார்ப்பதில்லை, ஆளின் அசைவைப் பார்க்கிறார். பட் சட்டையில் உரசுகிறதா, தலை துப்பாக்கியைத் தேடிப் போகிறதா, துப்பாக்கி தலையைத் தேடி வருகிறதா. அதோடு ஒரு கேள்வியும் கேட்பார்: எந்த மாதத்தில் சுடுவீர்கள்? பிரிட்டனில் கிரவுஸ் பறவைப் பருவம் ஆகஸ்ட் 12ஆம் தேதி தொடங்குகிறது, மெல்லிய மேலங்கி போதும். ஃபெசன்ட் பருவம் பிப்ரவரி 1 வரை நீள்கிறது. உள்ளே கம்பளி, மேலே கனத்த கோட்டு. துணியே அரை அங்குலத்தைத் தின்றுவிடும். ஆகஸ்டில் பொருந்திய கட்டை ஜனவரியில் நீளம்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த வித்தை விளையாட்டுத் திடலுக்குள் வந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. அங்கே பறவைக்குப் பதில் 110 மில்லிமீட்டர் களிமண் தட்டு பறக்கிறது. டிராப் போட்டியில் துப்பாக்கியைத் தோளில் பொருத்தி நின்றுகொண்டுதான் தட்டைக் கேட்பார்கள். புதுக்கோட்டை மன்னர் குடும்பத்து பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடியது இந்தப் போட்டி. ஸ்கீட் அப்படியல்ல. தட்டு தெரியும்வரை பட் இடுப்புப் பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும், அதன் பிறகே தூக்கலாம். அக்குளில் மாட்டினால் தட்டு போயே போய்விட்டது. அதனால் ஸ்கீட்காரர்கள் சற்றுக் குட்டையான கட்டையை விரும்புவார்கள். ஒரே ஆள், ஒரே உடம்பு, போட்டிக்குப் போட்டி வேறு நீளம்.

இதைக் கேட்டுவிட்டு யாராவது ரம்பத்தைத் தேடப் போகிறீர்களோ என்று பயமாக இருக்கிறது. தச்சரைக் கேளுங்கள், வெட்டிய மரம் வளராது என்பார். பட் பகுதிக்கும் ரப்பர் பட்டைக்கும் நடுவே கால் அங்குலத் தகடுகளைச் செருகி ஒரு மாதம் சுட்டுப் பாருங்கள். கூட்டுவது, குறைப்பது எல்லாம் அதில் தெரிந்துவிடும். வால்நட் கட்டையைக் கடைசியில் தொட்டால் போதும். வளர்கிற பிள்ளைக்கென்று அப்பாவின் துப்பாக்கிக் கட்டையை ஒன்றரை அங்குலம் நறுக்கிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பிள்ளை இரண்டே வருடத்தில் அப்பாவைவிட உயர்ந்துவிட்டான். நறுக்கிய துண்டு இன்றும் அவர்கள் வீட்டு அலமாரியில் காகிதம் பறக்காமலிருக்க உட்கார்ந்திருக்கிறது.

அழகில் லண்டன் கட்டைக்கு நிகர் இல்லை. ஆனால் சொந்தக்காரருக்குத் தொப்பை விழுந்தால் அது மாறாது. இன்றைய பத்து மீட்டர் ஏர் ரைபிளைப் பாருங்கள், ஆஸ்பத்திரிச் சாமான் போல இருக்கும். அலுமினியம், திருகு, தகடு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் ஆடும் போட்டி இதுதான். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். என் மதிப்பில் இந்த அசிங்கமான கட்டைதான் உடம்புக்கு அதிக மரியாதை கொடுக்கிறது.

சென்ற மாதம் ஒரு திடலில் உட்கார்ந்திருந்தேன். பதினான்கு வயது இருக்கும் ஒரு பெண், சாவியால் பட் தகட்டைக் கொஞ்சம் வெளியே இழுத்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், திரும்ப உள்ளே தள்ளினாள். பிறகு ஒரு நோட்டில் ஏதோ எழுதினாள். "எவ்வளவும்மா மாத்தினே?" என்று கேட்டேன். "ரெண்டு மில்லிமீட்டர் தாத்தா. நேத்து வேற பனியன் போட்டிருந்தேன்" என்றாள்.