யெப்தாவின் மகளுக்கு ஒரு நாவல் வேண்டும்



வேதத்தில் ஓரிரு வசனங்களோடு மறைந்துபோகும் பெண்களின் வாழ்க்கையைக் கற்பனையால் நிரப்பி நாவலாக எழுதுவது வேதநிந்தனை என்று சொல்வோர் உண்டு. அவர்கள் சான்றாகக் காட்டும் வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி எச்சரிக்கை, அந்தத் தீர்க்கதரிசன நூலின் வாசகத்தில் கைவைப்போருக்கு உரியதேயன்றி, புனைவு என்று முகப்பிலேயே அறிவித்துவிட்டுக் கதை எழுதுவோருக்கு உரியதன்று.

அந்தத் தடையை ஏற்றால் தேம்பாவணியையும் ஒதுக்க வேண்டிவரும். வீரமாமுனிவர் 1726இல் முடித்த அந்தக் காப்பியம், மரியாளின் கணவராகிய யோசேப்பை வளன் என்ற பெயரில் தலைவனாக்கி 3,615 பாடல்களில் பாடுகிறது. நான்கு சுவிசேஷங்களிலோ யோசேப்பு பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. கன்னட அகராதி தொகுத்த கிட்டெல், இன்று நம் பெங்களூரு ஆஸ்டின் டவுன் தாங்கும் இன்னொரு பெயருக்குரிய அந்த ஜெர்மானிய மிஷனரி, இயேசுவின் வரலாற்றைக் கன்னடக் கவிதையாக்கிக் கதாமாலெ என்ற நூலாகத் தந்தார். வாய் திறவாத யோசேப்பைப் பாடுவது பக்தி என்றால், வேதத்திலேயே வாய் திறந்து பேசிய பெண்ணை எழுதுவது மட்டும் எப்படி நிந்தனையாகும்?

அப்படிப் பேசியவள் யெப்தாவின் மகள். இஸ்ரவேலில் அரசர்கள் தோன்றுவதற்கு முன் மக்களை நடத்திய தலைவர்களைப் பற்றிய நியாயாதிபதிகள் நூல், 11ஆம் அதிகாரத்தில் அவள் கதையைச் சொல்கிறது. வேசியின் மகன் என்று சகோதரரால் துரத்தப்பட்டுத் தோப் தேசத்தில் வாழ்ந்த யெப்தா, அம்மோனியரோடு போரிடப் புறப்படும்போது, வென்று திரும்புகையில் தன் வீட்டு வாசலிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாகப் பொருத்தனை செய்கிறான். போரில் வென்றோரைப் பெண்கள் மேளத்தோடும் ஆட்டத்தோடும் எதிர்கொள்வது அந்நாட்டு வழக்கம் என்பதை மன்னன் சவுலின் வரலாறும் காட்டுகிறது. அப்படியிருக்க, வாசலைத் தாண்டி வருவது யாராக இருக்கும் என்பதை யெப்தா அறியாமலா இருந்தான்? ஒரே மகள் தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு வருகிறாள். அவனோ உடையைக் கிழித்துக்கொண்டு, தன்னைக் கலங்கடித்தவள் அவளே என்று பழியை அவள்மேல் போடுகிறான். அவள் கேட்பது, தோழியரோடு மலைகளில் அழுது திரிய இரண்டு மாதம் மட்டுமே. அதன்பின் தந்தை தன் பொருத்தனையை நிறைவேற்றுகிறான். அவள் பெயரை வேதம் சொல்லவில்லை. தாயைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

அந்த வெறுமையைப் பொறுக்காதவர்கள் யூதர்களிலேயே இருந்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி எழுந்து இன்று இலத்தீன் வடிவில் கிடைக்கும் வேத ஆகமப் பழங்கதை நூலொன்று, அவளுக்குச் சேயிலா என்று பெயரிட்டு, மலையில் அவள் புலம்பும் புலம்பலையும் பாடலாகத் தருகிறது.

தமிழுக்கும் இது புதிதன்று. எண்ணூறு குதிரைகளைக் குருதட்சிணையாகத் தேடும் காலவனிடம் யயாதி தன் மகளைக் கொடுத்துவிட, அந்தக் குதிரைகளுக்கு ஈடாக மூன்று அரசர்களுக்கும், பின்பு விசுவாமித்திரருக்கும் பிள்ளை பெற்றுத்தந்த மாதவியின் மகாபாரதக் கிளைக்கதையை, எம்.வி. வெங்கட்ராம் நித்தியகன்னி நாவலாக்கினார். தந்தையின் வாக்கைக் காப்பாற்ற மகளின் உடலை விலையாக்கும் கொடுமை அங்கும் இங்கும் ஒன்றே. புதுமைப்பித்தன் 1943இல் சாபவிமோசனம் எழுதி, சீதையை அக்கினிப் பரீட்சைக்கு உட்படுத்திய செய்தி கேட்டு அகலிகை மீண்டும் கல்லாவதாகக் காட்டியதாலும் இராமாயணம் குறைந்துவிடவில்லை.

ஆனால் நாவலாசிரியருக்கும் கடமை உண்டு. 1752இல் லண்டனில் அரங்கேறிய ஹேண்டெலின் யெப்தா இசைநாடகத்தில் தேவதூதன் வந்து பெண்ணைக் காப்பாற்றுகிறான். அந்த வசதியான முடிவு தமிழ் நாவலுக்கு ஆகாது. அவள் பலியிடப்படவில்லை, கன்னியாகவே ஒதுக்கி வைக்கப்பட்டாள் என்று விளக்கிய யூத அறிஞரும் உண்டென்றாலும், அந்த விளக்கமும் அவள் வாழ்வைத் திருப்பித் தரவில்லை. இஸ்ரவேலின் குமாரத்திகள் ஆண்டுதோறும் நான்கு நாள் அவளுக்காகப் புலம்பப் போனார்கள் என்று அதிகாரம் முடிகிறது. போரின் வெற்றியை ஆண்கள் கொண்டாடியிருக்க, அவளை மறவாதிருந்தவர்கள் இந்தப் பெண்களே. அந்த நான்கு நாளில் அவர்கள் எங்கே தங்கினார்கள், என்ன உண்டார்கள், சிறுமிகளுக்கு எதைச் சொல்லி அழுதார்கள், மகளைப் பறிகொடுத்த தாய் அவர்களோடு நடந்தாளா என்பவற்றிலிருந்து நாவல் தொடங்க வேண்டும். அது வரும்வரை ஆஸ்டின் டவுனின் தமிழ்ச் சபைகளிலுள்ள மாதர் சங்கங்கள் அந்த 11ஆம் அதிகாரத்தை உரக்கப் படித்து விவாதிக்க வேண்டும்.