அவையிலிருந்து இல்லத்திற்கு

(சவ்வாது மலை, சமுனாமரத்தூரில் கூடிய தமிழன்பர் அவையில் ஆற்றப்பெற்ற உரை)



தலைவன் தலைவியைப் பிரியும் நிலைகளை வகுத்துரைத்த தொல்காப்பியர், ஓதல், பகை, தூது என்னும் மூன்றையும் ஒருங்கு வைத்தார். நாட்டின் பொருட்டு இல்லத்தைப் பிரிதல் தமிழனுக்குப் புதிதன்று. பிரிந்தவன் உள்ளத்தையும் இருந்தவள் உள்ளத்தையும் நம் சான்றோர் பாட்டில் வைத்துக் காத்தனர். ஆயினும் அவற்றில் வரும் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரில்லை. பெயரோடும் ஊரோடும் நாளோடும், நாட்டவையில் அமரச் சென்ற ஒருவர் தம் மனைவிக்கு எழுதிய மடல்களும், அவ்வம்மையார் எழுதிய மறுமடல்களும் ஒருசேரக் கிடைக்கும் இடம் கடல் கடந்த அமெரிக்க நாடாகும்.

சான் ஆடம்சு 1735-இல் மாசச்சூசட்சில் பிரெயின்றி என்னும் ஊரில் உழவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1764-இல் அபிகேல் என்னும் நங்கையை மணந்தார். அபிகேல் பள்ளியில் பயின்றவரல்லர். திருச்சபை ஊழியராயிருந்த தந்தையின் நூல்களை வீட்டிலிருந்தே கற்றுத் தேர்ந்தவர். தம் எழுத்தில் பிழை மலிந்திருத்தலை எண்ணி அவரே நாணியதுண்டு. ஆனால் நாணம் அவர் எழுதுகோலைத் தடுத்து நிறுத்தவில்லை.

1774-இல் ஆங்கில ஆட்சியை எதிர்த்த குடியேற்ற நாடுகளின் பேராளர்கள் பிலடெல்பியா நகரில் பேரவை கூட்டினர். ஆடம்சு அதில் ஓர் உறுப்பினர். வீட்டிற்கும் அவைக்கும் ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் தொலைவு, குதிரையே ஊர்தி. 1777 வரை ஆடம்சு பெரும்பாலும் அங்கேயே இருந்தார். நான்கு மக்களையும் பண்ணையையும் கடனையும் வரவையும் அபிகேல் ஒருவரே தாங்கினார்.

அவையிலிருந்து அவர் எழுதியவை யாவை? வீர முழக்கங்கள் அல்ல; பெரும்பாலும் களைப்பும் ஏக்கமும். மூன்றும் இரண்டும் ஐந்து என்று ஒருவர் தீர்மானம் கொணர்ந்தாலும், அதன்மேலும் இரண்டு நாள் சட்டமும் வரலாறும் பேசித் தீர்ப்பர் என்று 1774 அக்டோபரில் நகைத்தெழுதினார். பிள்ளைகளின் படிப்பை உசாவினார். பண்ணை வேலைக்கு வழி சொன்னார். அவை நடவடிக்கைகளை வெளியிடுவதில்லை என்று உறுப்பினர் உறுதி பூண்டிருந்தமையால், எல்லாவற்றையும் எழுத இயலாமைக்கு வருந்தினார். மேடையில் நிற்கும் தலைவனை நாட்டார் அறிவர். விளக்கடியில் அமர்ந்து வீட்டை நினைக்கும் தலைவனை அம்மடல்களே காட்டுகின்றன.

அவ்வாறு எழுதுதல் இடரற்ற செயலுமன்று. 1775-இல் அவர் மடல்களைச் சுமந்து சென்றவரை ஆங்கிலப் படையினர் பிடித்தனர். மனைவிக்கு எழுதிய மடலொன்றும் நண்பர்க்கு எழுதிய மடலொன்றும் பகைவர் செய்தித்தாளில் வெளியாயின. உடனிருந்த உறுப்பினர் ஒருவரை நண்பர் மடலில் இகழ்ந்திருந்தமையால், அவையிலேயே அவருக்குத் தலைகுனிவு நேர்ந்தது. ஆயினும் அவர் மடல் எழுதுவதை விட்டாரல்லர்.

இனி, இல்லத்திலிருந்து சென்ற மடல்களைக் காண்போம். 1775 சூன் 17 அன்று பாசுட்டன் அருகே போர் மூண்டது. ஏழு அகவை மகனுடன் அபிகேல் வீட்டருகிலிருந்த குன்றேறி, எரியும் ஊரின் புகையைக் கண்டார். கண்டதைக் கணவருக்கு எழுதினார். அதே காலத்து மடலில், குண்டூசி கிடைக்கவில்லை, வாங்கி அனுப்புக என்றும் எழுதினார்! போரும் குண்டூசியும் ஒரே கையால் எழுதப்பட்டன. இதுவே இல்லத்தின் அரசியல். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் வயிற்றுக்கடுப்பு நோய் ஊரைச் சூறையாடியது. அபிகேலும் மகனும் நோயுற்றனர். அவர் தாயார் மறைந்தார். கணவர் அருகில் இல்லை. அழுகையும் மடலிலேயே ஆற்றப்பட்டது.

ஆனால் அபிகேல் துயரை மட்டும் எழுதவில்லை. நாம் எந்த உரிமைக்குப் போராடுகிறோமோ அதே உரிமையை அடிமைகளிடமிருந்து நாளும் பறிக்கிறோமே என்று 1774-இலேயே கணவரைச் சுட்டினார். 1776 மார்ச்சு 31 அன்று, புதிய சட்டங்கள் வகுக்கும்போது பெண்டிரை மறவாதீர். கணவன்மார் கையில் எல்லையற்ற ஆற்றலை வைத்துவிடாதீர் என்று எழுதினார். ஆடம்சு என்ன செய்தார்? ஏப்பிரல் 14 அன்று எழுதிய மறுமொழியில் நகைத்தார். விளையாட்டாகப் பேசித் தட்டிக் கழித்தார். சூலை 2 அன்று விடுதலைத் தீர்மானம் நிறைவேறியது. மறுநாளே அவர் பேருவகையுடன் மனைவிக்கு மடல் வரைந்து, சூலை இரண்டாம் நாள் வழிவழியாகக் கொண்டாடப்படும் என்றார். நாடு கொண்டாடுவதோ சூலை நான்கு. அந்நாளைப் பற்றிய அவர் கணிப்பு இரண்டு நாள் பிழைத்தது. பெண்டிரைப் பற்றிய அவர் நகைப்போ நூற்றாண்டுக் கணக்கில் பிழைத்தது. அமெரிக்க மகளிர்க்கு நாடளாவிய வாக்குரிமை 1920-இல்தான் அரசியல் சட்டத்தில் ஏறியது. நம் சென்னை மாநிலத்தில் 1921-இல் மகளிர்க்கு வாக்குரிமை வாய்த்தது. 1927-இல் முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்தில் அமர்ந்து, அதன் துணைத் தலைவருமானார். நகைத்தவருக்குக் காலம் விடை சொல்லிற்று.

ஆயினும் ஆடம்சின் ஒரு செயலை மறத்தலாகாது. தம்மை இடித்துரைத்த மடலையும் அவர் கிழித்தெறியவில்லை. 1776 சூனில் பெரிய ஏடொன்று வாங்கி, தாம் மனைவிக்கு எழுதுவனவற்றை அதில் படியெடுத்து வைக்கத் தொடங்கினார். பின்னர்த் துணைக் குடியரசுத் தலைவராகி மேலவையில் தலைமை ஏற்றிருந்த காலத்திலும், நலங்குன்றி ஊரில் தங்கிய மனைவிக்கு அவைச் செய்திகளை எழுதிக்கொண்டேயிருந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிய ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட மடல்கள் இன்றும் உள்ளன. 1840-இல் அவர்தம் பெயரனார் பாட்டியாரின் மடல்களை நூலாக்கினார். காத்தவர் இருந்தமையால் பெண்ணின் சொல் வாழ்ந்தது.

அவ்விருவரும் எந்த மொழியில் எழுதினர்? அடுப்பங்கரையில் பேசிய தாய்மொழியில். ஆகவேதான் பள்ளி காணாத பெண் நாட்டவைக்கு அறிவுரை கூற முடிந்தது. இந்நாட்டில் நிலைமை என்ன? காசியிலிருந்த பாரதியார் 1901-இல் செல்லம்மாளுக்கு எழுதிய மடலில், கவலையுறும் பொழுதில் தமிழ் பயில்க என்றார். தனித்தமிழ்த் தந்தை மறைமலையடிகள், பெண்ணொருத்தி எழுதும் மடல்களாகவே 'கோகிலாம்பாள் கடிதங்கள்' என்னும் கதையை ஆக்கினார். அவரே தம் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினார் என்றால், அயன்மொழி நம் உள்ளறைவரை எத்துணை ஆழமாகப் புகுந்திருந்தது என்பதை உணரலாம். கணவன் மனைவிக்கு அவள் அறியாத மொழியில் எழுதுவானாயின், அஃது அவளுக்குக் கதவடைப்பதாகும். மகன் அயன்மொழியில் எழுத, தாய் அதைத் தெருவிலுள்ளார் ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லும் இழிநிலையும் இந்நாட்டில் நேர்ந்ததே!

மலைவாழ் பெருமக்களே! இம்மலையின் அடிவாரத்துச் செங்கத்தைச் சுற்றிலும் பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்டு மாண்ட மறவன் பெயரை வட்டெழுத்து இன்றும் சொல்லுகிறது. அவனை வழியனுப்பிய மனைவி என்ன சொன்னாள் என்பதைச் சொல்ல ஒரு கல்லும் இல்லை. அஃது அன்று. இன்று? சாமையும் தினையும் விளையும் இம்மலையிலிருந்து ஆடவர் கூலிவேலை தேடி வெளியூர் செல்கின்றனர். நிலத்தையும் மக்களையும் மகளிர் தாங்குகின்றனர். 2015 ஏப்பிரல் 7 அன்று சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவற்படையினர் சுட்டு வீழ்த்திய இருபது தமிழருள் சவ்வாது மலையினரும் இருந்தனர். இருபது என்னும் எண் ஏட்டில் ஏறியது. அவர்தம் மனைவியர் நெஞ்சிலிருந்த சொற்கள் எந்த ஏட்டில் ஏறின?

முன்னாளில் நம் வீடுகளில் வந்த மடல்களைக் கம்பியில் குத்தி இறவாணத்தில் தொங்கவிட்டனர். கம்பி நிறைந்ததும் அவை அடுப்பிற்குச் சென்றன. இன்று கைப்பேசியில் பேசும் சொல்லோ காற்றோடு போகின்றது. அபிகேலுக்குப் பள்ளியில்லை, நம் பெண்மக்களுக்குப் பள்ளி உண்டு. அவருக்கு மடல் சேரக் கிழமைகள் ஆயின. நமக்கு நொடி போதும். இல்லாதது ஒன்றே: நம் வீட்டுப் பெண்ணின் சொல் காக்கத்தக்கது என்னும் எண்ணம்.

ஆகவே, வெளியூர் செல்லும் கணவன் வீட்டிற்குத் தமிழில் எழுதுக. வீட்டிலிருக்கும் மனைவி, குண்டூசி முதல் நாட்டுச் சட்டம் வரை, தன் உள்ளத்தில் தோன்றுவதைத் தமிழில் எழுதுக. பிழை வரினும் எழுதுக. பிழை எழுத எழுதத் திருந்தும், எழுதாச் சொல் ஒருநாளும் திரும்பாது. இப்பகுதி மக்களால் தேர்ந்தெடுக்கப்பெற்று அவை செல்வோர்க்கும் எழுதுக. எழுதியதைப் பேழையில் வைத்துக் காக்க. நடுகல் நட்ட மரபினர் நாம். இனிப் பெண்ணின் சொல்லுக்கும் ஒரு கல் நடுவோம். அக்கல் ஏடாக இருக்கட்டும். அதன் எழுத்துத் தமிழாக இருக்கட்டும்!