காலம் தாழ்த்தலும் மருத்துவமனையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே மரபு. அம்மரபினின்று சிறிது விலகி, மருத்துவமனையின் புறநோயாளர் பகுதியைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்மனோர்க்கு நோயுற்ற நாளில் அதுவே முதற் புகலிடம். அங்கே காலம் எவ்வாறு வீணாகின்றது, அவ்விழப்பு யார் தலையில் விழுகின்றது என்பதை அறிதல் நமக்குப் பயன் தரும்.

ஒரு சிறு கணக்கைக் காண்போம். மருத்துவர் ஒருவர் காலை 9 மணிக்கு அமர்கின்றார். ஒருவர்க்கு 10 நிமிடமாக, நண்பகல் 12 மணிக்குள் 18 பேரைக் காண்பது ஏற்பாடு. முதலாமவர் 20 நிமிடம் தாழ்த்து வருகின்றார்; ஏனையோர் குறித்த நேரத்தில் வருகின்றனர். இரண்டாமவர் வரும் வரையில் மருத்துவர் வாளா இருக்கின்றார். 10 நிமிடம் போயிற்று. இரண்டாமவரைப் பார்த்து முடிக்கும் வேளையில் முதலாமவர் வந்து நிற்கின்றார். இரங்கி அவரை உடனே உள்ளே விட்டால், பின்னுள்ள 16 பேரும் ஆளுக்குப் 10 நிமிடம் காத்திருத்தல் வேண்டும். கூட்டினால் 160 நிமிடம். அஃதாவது 2 மணி 40 நிமிடம். அவரைக் கடைசியில் நிறுத்தினால் பிறர் காத்திருத்தல் நீங்கும். ஆயினும் மருத்துவர் எழுவது 12 மணி 10 நிமிடத்திற்கே. போன பத்து நிமிடத்தை எவ்வாற்றானும் மீட்டல் இயலாது.

இதற்கு அஞ்சி, சில இடங்களில் அனைவரையும் 9 மணிக்கே வரச் சொல்லிவிடுகின்றனர். மருத்துவர் ஓய்ந்திரார் என்பது உண்மை. ஆனால் பதினெட்டாமவர் ஏறத்தாழ மூன்று மணி நேரம் காத்திருப்பார். அடுத்த முறை அவர் 11 மணிக்குத்தான் வருவார். குறித்த நேரத்திற்குப் பொருளில்லை என்று ஒருமுறை கற்றுக்கொண்டவர் அதை மதிப்பதில்லை. அவர் மதிக்கவில்லை என்று கண்டு மருத்துவமனை மேலும் பலரை ஒருங்கே அழைக்கின்றது. ஒன்று மற்றொன்றை வளர்க்கின்றது.

இச்சிக்கலை முதன்முதல் கணித முறையில் ஆராய்ந்தோருள் இங்கிலாந்தின் நார்மன் பெய்லி குறிப்பிடத்தக்கவர். அவரும் வெல்ச் என்பாரும் 1952-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் ஒரு வழி கூறினர். தொடக்கத்தில் இருவரை அழைத்தல் வேண்டும். பின்னர், ஒருவரைப் பார்க்கச் சராசரியாக ஆகும் நேரத்திற்கு ஒருவராக அழைத்தல் வேண்டும். இருவருள் ஒருவர் தாழ்த்தாலும் மற்றவர் இருப்பார், மருத்துவர் ஓய்ந்திரார். நோயாளர் சிறிது நேரம் காத்திருத்தல் இம்முறையின் விலை. அவ்விலை பெரிதன்று.

நோயாளரை மட்டும் கடிதல் நீதியாகுமா? ஆகாது. நம் கணக்கில் மருத்துவரே 30 நிமிடம் தாழ்த்து வருவாராயின், 18 பேருக்கும் சேர்ந்து 9 மணி நேரம் வீணாகும். நேரம் தவறாமை மேலிருந்து தொடங்க வேண்டிய ஒழுக்கம்.

மேலும், தாமதம் எல்லாம் சோம்பலால் விளைவதன்று. நம்முள் ஒருவர் கண்ட நிகழ்ச்சி இது. தமிழன்றி வேறு மொழியறியாத மூதாட்டி ஒருவர், இரத்தச் சர்க்கரைச் சோதனைக்காக வெறும் வயிற்றுடன், இரு பேருந்து மாறி, விடியற்காலையிலேயே மருத்துவமனை வாயிலை அடைந்தார். பதிவு வரிசையில் நின்றார். பலகையில் இருந்த இந்தி எழுத்து அவர்க்கு விளங்கவில்லை. வேறொரு வரிசையிலும் நின்றார். மருத்துவர் அறையை அடைந்தபோது அவர் பெயரை அழைத்து முடித்திருந்தனர். 'தாமதமாக வந்தவர்' என்று குறித்து, வேறு நாள் கொடுத்தனுப்பினர். மூன்று மணி நேரம் அவ்வளாகத்திற்குள்ளேயே இருந்தவர் அவர்!

2015-ஆம் ஆண்டில் நடுவண் அரசு இணையவழிப் பதிவு முறையைத் தொடங்கியது. 2022 முதல், கைப்பேசியால் குறியீட்டைப் படம்பிடித்து வரிசை எண் பெறும் வசதியும் பல மருத்துவமனைகளில் வந்துள்ளது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் கைப்பேசியைக் கையாளத் தெரியாத முதியவர்க்கு இவற்றால் நேரே பயனில்லை.

ஆகவே நாம் செய்யத்தக்கன சில உள. குறித்த நாளில் செல்ல இயலாதெனின் முன்னரே அறிவிப்போம். அந்த இடம் வேறொருவர்க்கு உதவும். நேரம் குறித்தளிக்கும் இடங்களில் இரண்டு மணி நேரம் முன்னே சென்று கூட்டம் பெருக்காது, பதிவுக்கு வேண்டிய நேரத்தை மட்டும் கணக்கிட்டுச் செல்வோம். எல்லாவற்றினும் மேலாக, இந்நகர் மொழியறிந்த இளைஞர் தத்தம் ஓய்வு நாளைச் சங்கத்தில் எழுதித் தருவார்களாக. துணையின்றிச் செல்லும் முதியவர்க்கு அவர்கள் உடன் சென்று வழிகாட்டலாம்.

நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து துணை செய்பவரையும் நான்காவதாகச் சேர்த்தே வள்ளுவர் மருத்துவத்தை வகுத்தார். முதல் மூன்றும் நம் கையில் இல்லை. நான்காவது நம் கையில் உள்ளது. அந்த மூதாட்டிக்கு அன்று வேண்டியிருந்ததும் அதுவே.