வாஷிங்டனுக்குச் சென்ற மடலும் பெரம்பூரில் பிறந்த சங்கமும்

(அலிபிரியில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

திருமலையின் அடிவாரமான இந்த அலிபிரி, 1917ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கு உட்பட்டிருந்தது. சித்தூர் மாவட்டம் உருவாகி ஆறாண்டுகளே ஆகியிருந்தன. சென்னைக் கோட்டையில் பிறப்பிக்கப்படும் ஆணை இங்கும் செல்லுபடியாகும். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வாஷிங்டனிலும் சென்னையிலும் நிகழ்ந்தவற்றை ஒருசேர நோக்கினால், ஆள்வோர் வழங்கும் சீர்திருத்தத்தின் இயல்பு தெளிவாகும்.

எண்ணெய், எஃகு, ரயில்வே ஆகிய துறைகளை ஏகபோக முதலாளிகள் கைப்பற்றியிருந்த அமெரிக்காவில், தொழிலாளர்களும் விவசாயிகளும் நெடுங்காலம் போராடினர். 1912 குடியரசுத் தலைவர் தேர்தலில் சோஷலிஸ்ட் வேட்பாளர் யூஜின் டெப்ஸ் சுமார் ஒன்பது லட்சம் வாக்குகள் பெற்றார். இந்த நிர்ப்பந்தத்தின் பின்னணியில்தான் வில்சன் ஆட்சியின் சீர்திருத்தங்களைக் காண வேண்டும். 1913இல் வருமான வரி, 1914இல் ஏகபோக எதிர்ப்புச் சட்டம், 1916இல் குழந்தை உழைப்புக்குத் தடை ஆகியவை வந்தன. ரயில்வே தொழிலாளர்க்கு எட்டு மணி நேர வேலைச் சட்டம் நாடு தழுவிய வேலைநிறுத்த அறிவிப்பின் விளைவாகவே கிடைத்தது. இதே ஆட்சிதான் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்து அமர்த்தியது என்பதையும் மறத்தலாகாது.

போரிலிருந்து நாட்டை விலக்கி வைத்தவர் என்ற முழக்கத்துடன் 1916இல் மீண்டும் வென்ற வில்சனின் அரசு, 1917 ஏப்ரல் 6 அன்று ஜெர்மனி மீது போர் அறிவித்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களின் தாக்குதல் காரணமாகக் கூறப்பட்டது. நேச நாடுகளுக்கு அமெரிக்க வங்கிகள் அளித்திருந்த கடன் அப்போது 200 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஜூன் 15 அன்று உளவுச் சட்டம் நிறைவேறியது. போரை எதிர்த்து 1918இல் கான்டன் நகரில் உரையாற்றிய டெப்ஸுக்கு அச்சட்டத்தின் கீழ்ப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. குழந்தை உழைப்புத் தடைச் சட்டத்தையும் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டே ரத்துச் செய்தது.

அதே 1917 ஜூனில், சென்னை ஆளுநர் பென்ட்லண்டின் அரசு தன்னாட்சி இயக்கத் தலைவர்களான அன்னி பெசன்ட், அருண்டேல், பி.பி.வாடியா மூவரையும் காவலில் வைத்தது. மதுரையில் பிறந்தவரும் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதியுமான எஸ்.சுப்பிரமணிய ஐயர், ஜூன் 24 அன்று வில்சனுக்கு ஒரு மடல் எழுதினார். ஹாட்ச்னர் என்ற அமெரிக்கத் தம்பதியர் அதனைக் கொண்டு சென்றனர். ஜனநாயகத்துக்காகப் போரிடுவதாகக் கூறுவோர் அதனை இந்தியாவுக்கும் வழங்க வேண்டும் என்பதே அதன் சாரம். தன்னாட்சி உறுதியளிக்கப்பட்டால் மூன்று மாதத்தில் 50 லட்சம் பேரும், அடுத்த மூன்று மாதத்தில் மேலும் 50 லட்சம் பேரும் போர்முனைக்குக் கிடைப்பர் என்றும் அதில் எழுதினார்.

இந்தியச் செயலர் மான்டேகு 1918இல் நாடாளுமன்றத்தில் அம்மடலைக் கடுமையாகச் சாடினார். எழுபத்தைந்து வயதைக் கடந்த சுப்பிரமணிய ஐயர், சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். அவருடைய நெஞ்சுறுதி போற்றத்தக்கது. ஆயினும் அம்மடல் ஏகாதிபத்தியத்திடமே நீதி கேட்டது. உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் உயிரை அதற்கு விலையாகவும் வைத்தது. 1919இல் மான்டேகுவின் சீர்திருத்தச் சட்டமும் வந்தது. அதே ஆண்டில் ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலாபாக் படுகொலையும் வந்தன.

இதனிடையே பெரம்பூரில் வேறொன்று நிகழ்ந்தது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தனர். செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, காவலிலிருந்து விடுபட்டிருந்த வாடியா தலைவரானார். அவர்களுடைய முதற் குறைகளுள் ஒன்று, மதிய உணவுக்கு அரை மணி நேரமே கிடைத்தது என்பதாகும்.

அந்த வாடியா 1919இல் வாஷிங்டனில் கூடிய முதலாவது சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்குச் சென்றார். ஆலைகளுக்கு வாரம் 48 மணி நேரம் என வகுத்த அம்மாநாடு, இந்தியாவுக்கு 60 மணி நேரம் என விதிவிலக்கு எழுதியது. சுப்பிரமணிய ஐயரின் மடலுக்கு வாஷிங்டன் தந்த மறைமுகமான மறுமொழியாக இதனைக் கொள்ளலாம்.

ஆலை நிர்வாகம் வாடியா மீதும் சங்கத்தினர் மீதும் வழக்குத் தொடுத்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. அதனை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியும் கோரிக்கையுமே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தன.

தோழர்களே, வேலைநேரம் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்களின் எதிர்ப்பால் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. ஆந்திரத்தில் 2025இல் நாளொன்றுக்கு ஒன்பது மணி என்பதைப் பத்தாக உயர்த்த அமைச்சரவை முடிவெடுத்தது. இரு மாநிலங்களுக்கும் நடுவே எல்லைக்கோடு இருக்கிறது. ஆனால் சித்தூர், திருப்பதித் தொழிலாளிக்கும் பெரம்பூர்த் தொழிலாளிக்கும் ஒரு நாளில் இருபத்துநான்கு மணி நேரமே உள்ளது. அதில் எத்தனை மணி நேரம் தொழிலாளிக்கு உரியது என்பதைத் தீர்மானிக்கும் வேலை, இவ்வட்டாரச் சங்கங்களின் முன் நிற்கிறது.