எஞ்சின் கொதித்தால் என் செய்வது?

கோடை விடுமுறை தொடங்கியதும் வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல சொந்த ஊரை நோக்கிப் புறப்படுகின்றன. முன்பெல்லாம் இரயில் வண்டி ஒன்றே நமக்குக் கதியாக இருந்தது. இன்றோ புனேயிலிருந்து திருநெல்வேலிக்கும், ஐதராபாத்திலிருந்து தஞ்சாவூருக்கும் சொந்தக் காரிலேயே செல்வோர் பலர். மே மாதத்து வெயில்; வண்டிக்குள் நான்கைந்து பேர்; பின்னால் பெட்டி படுக்கைகள்; இடைவிடாமல் ஓடும் குளிர்சாதனம். இத்தனையையும் சுமந்துகொண்டு, புனேக்கும் சதாராவுக்கும் இடையிலுள்ள கம்பாட்கி மலைப்பாதையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து ஏறும்போது, வெப்பங்காட்டும் முள் மெல்லச் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. அடுத்த ஐந்து நிமிடங்களில் நாம் செய்வதைப் பொறுத்தே, சிறு செலவோடு பயணம் தொடர்வதும், எஞ்சினே பாழாகி நடுவழியில் நிற்பதும் அமையும். ஆகவே இப்பொருளைச் சற்று விரிவாகவே காண்போம்.

எஞ்சின் சூடாவது குற்றமன்று; அது அதன் இயல்பு. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டும் வேலைக்குப் பயன்படுகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதி வெப்பமாகிப் புகைக்குழாய் வழியாகவும், எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் வழியாகவும் வெளியேறுகிறது. பம்ப் ஒன்று அந்நீரை எஞ்சினுக்குள் செலுத்துகிறது. சூடேறிய நீர் மேற்குழாய் வழியே ரேடியேட்டரை அடைந்து, அங்கே காற்றுப்பட்டுக் குளிர்ந்து, கீழ்க்குழாய் வழியே மீள்கிறது. நடுவே தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அது மூடியிருக்கும். நீரின் வெப்பம் 80 அல்லது 90 டிகிரி செல்சியஸ் அளவை எட்டும்போது திறந்து வழிவிடும்.

இன்னொன்றையும் இங்கே மனத்திற் கொள்ள வேண்டும். ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. அது உள்ளே அழுத்தத்தை நிறுத்திவைக்கிறது. அவ்வழுத்தத்தில் நீர் 100 டிகிரியிற் கொதிப்பதில்லை. 120 டிகிரியை நெருங்கிய பின்பே கொதிக்கும். சூடான நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் நீங்கிவிடும். அதுவரை நீராக இருந்தது அக்கணமே ஆவியாகச் சீறி முகத்திலும் கையிலும் பாயும். எஞ்சின் கெட்டால் வேறு எஞ்சின் வாங்கலாம். கண் போனால் என் செய்வது?

முள் ஏறுவதைக் கண்டவுடன் செய்ய வேண்டியவை யாவை? முதலிற் குளிர்சாதனத்தை நிறுத்துக. சாளரங்களைத் திறந்துவிட்டு, ஹீட்டரை முழு அளவில் வைத்து, அதன் விசிறியையும் முழு வேகத்தில் ஓடவிடுக. கோடையில் ஹீட்டரா என்று வியக்க வேண்டா. எஞ்சினின் சூட்டை வண்டிக்குள் இழுத்து வெளியேற்றும் இரண்டாவது சிறு ரேடியேட்டர் அது. வியர்த்தாலும் பத்து நிமிடம் பொறுக்கலாம். அப்படியும் முள் இறங்காவிட்டாலும், சிவப்பு விளக்கு எரிந்தாலும், ஆவி கிளம்பினாலும், பாதுகாப்பான ஓரத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். "அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம்" என்னும் எண்ணமே எஞ்சினைக் கொல்லும் எண்ணம். ஏறிய முள் திடீரென விழுந்தாலும் மகிழ வேண்டா. நீர் முழுதும் வடிந்துபோனால், வெப்பத்தை அளக்கும் கருவி நீரைத் தொடாமல் பொய்யான அளவைக் காட்டக்கூடும்.

குறைந்தது அரைமணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். குழந்தைகளைச் சாலையோரத்திலிருந்து விலக்கி நிழலில் அமர்த்துக. மின்விசிறி, சாவியை எடுத்த பின்னும் தானாகவே சுழலக்கூடும்; அதனருகே கையோ துணியோ போகலாகாது. மேற்குழாய் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, தடித்த துணியை மூடியின்மேல் இட்டு, சிறிதளவே திருப்பி, எஞ்சிய அழுத்தத்தைப் போகவிட்டுப் பின் திறக்கலாம். நீரைச் சிறிது சிறிதாகவே ஊற்ற வேண்டும். கொதிக்கும் எஞ்சினிற் குளிர்ந்த நீரைக் கொட்டினால் உலோகம் வெடிக்கவோ கோணவோ கூடும்.

இனி, நோயின் காரணத்தைக் காண்போம். வைத்தியர் நாடி பிடிக்குமுன், "காய்ச்சல் எப்போது வருகிறது?" என்று கேட்பார். நாமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். நெரிசலில் நிற்கும்போது சூடேறி, வேகமாக ஓடும்போது தணிந்தால், பெரும்பாலும் குற்றம் விசிறியுடையது. பழைய அம்பாசடர் வண்டிகளில் விசிறியை எஞ்சினே பெல்ட்டின் வழியாகச் சுழற்றியது. இன்றைய கார்களில் அதைச் சுழற்றுவது மின்சாரம். ஆகவே பியூஸ், ரிலே, விசிறியின் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குளிர்சாதனத்தைப் போட்டவுடன் விசிறி சுழல்கிறதா என்று நோக்குவது எளிய சோதனை.

இதற்கு மாறாக, வேகத்திலும் மலையேற்றத்திலும் மட்டும் சூடேறினால், நீர் குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைபட்டிருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முள் ஏறியும், ரேடியேட்டருக்குப் போகும் குழாய் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று ஐயுறலாம். நீர் அடிக்கடி குறைந்தும் தரையில் ஒழுக்கு இல்லையெனில், அது எஞ்சினுக்குள்ளேயே போகிறது என்று அஞ்ச வேண்டும். புகைக்குழாயில் ஓயாத வெண்புகை, எண்ணெயிற் பால் கலந்தாற்போன்ற நிறம், நீர்த்தொட்டியிற் குமிழிகள் ஆகியவை ஹெட் கேஸ்கெட் பழுதானதற்கு அறிகுறிகள். இந்நிலையில் வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்வதே முறை.

வேற்று மாநிலத்துப் பட்டறையில் மொழி ஓர் இடர்ப்பாடே. வடக்கே, "காடி கரம் ஹோ ரஹீ ஹை" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்போமானால், மெக்கானிக் தாம் நினைத்ததைத்தான் செய்வார். எப்போது சூடேறுகிறது, விசிறி சுழல்கிறதா, நீர் எவ்வளவு குறைகிறது என்னும் மூன்றையும் கைச்சாடையாலேனும் தெரிவித்தால் பாதி வேலை முடிந்தது. செலவு குறைந்த சோதனைகளை முதலிற் செய்யச் சொல்லுக. எஞ்சினைப் பிரிப்பது கடைசியில் இருக்கட்டும். "இந்த வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு? கழற்றி எறிந்துவிடலாம்" என்று யோசனை சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. அதற்கு இசைய வேண்டா. அது இல்லாவிடில் எஞ்சின் உரிய சூட்டை அடையத் தாமதமாகும், எரிபொருள் மிகும், தேய்மானமும் மிகும். கெட்டதை மாற்றுவதே பரிகாரம்.

வருமுன் காத்தல் இதினும் எளிது. பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் படிவதுபோல அது ரேடியேட்டரிலும் படிந்து வழியை அடைக்கும். எனவே அவசரத்திற்கு எந்த நீரை ஊற்றினாலும், பின்னர் அதை வடித்துவிட்டு, வண்டியின் கையேட்டிற் குறித்த கூலண்டையே நிரப்புதல் வேண்டும். நீர் கலக்காத கூலண்டாயின், காய்ச்சி வடித்த நீரையே சேர்க்க. வெவ்வேறு வகைக் கூலண்டுகளை ஒன்றாகக் கலக்கலாகாது. அது இனிப்பான நஞ்சாதலால், குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் எட்டாமல் வைப்பது கடமை. ரேடியேட்டரின் முன்புறத்திற் படிந்த புழுதியையும் பூச்சிகளையும், மென்மையாக நீர் பாய்ச்சிக் கழுவுக. குழாய்களை அழுத்திப் பார்த்து, வெடிப்போ ஊறலோ காணின் மாற்றிவிடுக.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, குளிர்ந்த எஞ்சினருகே பத்து நிமிடம் நின்று இவற்றைப் பார்த்துவிட்டால், நெடுவழியிற் கொதிக்கும் எஞ்சினருகே அரைநாள் நிற்க நேராது. ஊரில் நம் வரவை எதிர்நோக்கி வாசலில் அமர்ந்திருக்கும் முதியோருக்கு, நாம் சொன்ன நேரத்திற்குப் போய்ச் சேர்வதினும் பெரிய பரிசு வேறில்லை.